ஆண்டுக்குப் பத்தாயிரம்: பழைய ஆங்கிலப் புத்தகங்களில் தடுக்கும் சொற்றொடர்கள்

காப்புரிமைக் காலம் முடிந்த ஆங்கில நாவல்கள் பெரும்பாலும் இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. போனில் இறக்கிக்கொண்டு படிப்பவர்கள் நம்மிடையேயும் கணிசமாக இருக்கிறார்கள். இருபது பக்கம் போனதும் ஏதாவது ஒரு வாக்கியம் தடுக்கும். சொல்லைத் தொட்டால் அகராதி பொருள் சொல்கிறது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் எல்லாம் தெரிந்த சொல்தான், வாக்கியம் மட்டும் பிடிபடாது. ஒரு பெண்ணுக்கு 'ஃபோர் பர்சென்ட்ஸில்' ஆயிரம் பவுண்டு இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஓடுகிற வண்டிக்குள் ஒரு பாதிரியார் ஒரு பெண்ணிடம் 'வயலண்ட் லவ்' செய்தார் என்று எழுதியிருக்கிறதே, ஐயோ, அங்கே என்னதான் நடந்தது?

பழைய நடை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் தாண்டிவிடுவது நம் வழக்கம். நமக்குப் பாடம் எடுத்தவர்களில் பலரும் அப்படித்தான் தாண்டினார்கள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவைக்கும் நடைக்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்கு வட்டி எவ்வளவு, தபால் கூலியை யார் கொடுத்தார்கள், எந்தச் சொல்லுக்கு அபராதம், கல்யாணப் பேச்சை முறித்தால் என்ன வழக்கு வரும் என்பதெல்லாம் தெரிந்த வாசகருக்காக எழுதிய சாதாரண வாக்கியங்கள் இவை. வட்டியும் சட்டமும் தபாலும் மாறிவிட்டன, வாக்கியம் மட்டும் அச்சில் தங்கிவிட்டது.

பணத்திலிருந்தே தொடங்கலாம், அங்கேதான் சரக்கு அதிகம். ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் டார்சி நடன மண்டபத்துக்குள் நுழைந்த ஐந்து நிமிடத்துக்குள், அவருக்கு 'ஆண்டுக்குப் பத்தாயிரம்' என்ற செய்தி எல்லோர் காதுக்கும் போய்விடுகிறது. இன்றைக்கு நாம் ஒருவரைச் சொத்துக் கணக்கில் பேசுவோம்: இத்தனை கோடி ஆசாமி என்போம். அவர்கள் ஏன் ஆண்டு வருமானத்தைச் சொன்னார்கள்? ஏனென்றால் அன்றைய கனவான் என்பவர் வேலை பார்த்துச் சம்பாதிக்காதவர். நிலத்திலிருந்து குத்தகை வரும், அரசாங்கக் கடன் பத்திரத்திலிருந்து வட்டி வரும். முதல் எவ்வளவு என்பதைவிட ஆண்டுதோறும் கைக்கு என்ன வரும் என்பதே அவருடைய அந்தஸ்து.

அந்தக் கடன் பத்திரங்கள்தாம் 'த்ரீ பர்சென்ட்ஸ்', 'ஃபோர் பர்சென்ட்ஸ்', 'ஃபைவ் பர்சென்ட்ஸ்' என்று நாவல்களில் வருபவை. அடுத்தடுத்து வந்த போர்களுக்காகப் பிரிட்டிஷ் அரசு கடன் வாங்கிக்கொண்டே இருந்தது. அசலை எப்போது திருப்பித் தரும் என்று தேதி கிடையாது, வட்டி மட்டும் தவறாமல் வரும். இதில் மூன்று சதவீதப் பத்திரங்களை 1750-களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். 'கன்சால்ஸ்' என்ற பெயர் அப்படி வந்தது. விதவைகள், பாதிரியார்கள், மணமாகாத அத்தைகள் என்று மத்தியதர இங்கிலாந்தே இந்த வட்டியில் சாப்பிட்டது. தேதியில்லாத அந்தக் கடன்களில் கடைசியாக மிஞ்சியிருந்தவற்றைப் பிரிட்டிஷ் அரசு தீர்த்து முடித்தது 2015-இல்தான்.

இது தெரிந்தால் ஆஸ்டினின் எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவது தெரியும். டார்சியின் நண்பர் பிங்லிக்கு அப்பா விட்டுப்போனது ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்டு. பெண்ணைப் பெற்ற பென்னட் அம்மாள் அவருக்கு 'ஆண்டுக்கு நாலாயிரமோ ஐயாயிரமோ' என்கிறாள். லட்சத்துக்கு நாலு அல்லது ஐந்து சதவீதம், அவ்வளவுதான். அந்த அம்மாள் அசடு போலத்தான் படைக்கப்பட்டிருக்கிறாள், ஆனாலும் வட்டிக் கணக்கில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. அப்புறம் காலின்ஸ் என்ற பாதிரியார் அந்த அம்மாளின் மகள் எலிசபெத்தைப் பெண் கேட்கும் இடம் வருகிறது. உங்களுக்கு வரக்கூடியது ஃபோர் பர்சென்ட்ஸில் ஆயிரம் பவுண்டு, அதுவும் உங்கள் அம்மா காலமான பிறகு. அதைப்பற்றி நான் ஒருபோதும் குத்திக்காட்ட மாட்டேன் என்று பெருந்தன்மையாகச் சொல்கிறார். அன்றைய வாசகர் மனசுக்குள் உடனே போட்டுப் பார்த்திருப்பார்: ஆண்டுக்கு நாற்பது பவுண்டு. ஒருபக்கம் நாற்பது, இன்னொருபக்கம் பத்தாயிரம். டார்சியும் எலிசபெத்தும் சேருவது எவ்வளவு நடக்க முடியாத காரியம் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. கணக்குப் போடாமல் படித்தால் அது வெறும் காதல் கதை.

எழுத்தாளர்கள் இப்படித் துணிச்சலாக எண்களை எழுதியதற்கும் ஒரு காரணம் உண்டு. நெப்போலியன் போர்கள் முடிந்த 1815-லிருந்து முதல் உலகப்போர் தொடங்கிய 1914 வரை, ஏற்ற இறக்கம் இருந்தாலும், பவுண்டின் மதிப்பு நீண்டகாலப் போக்கில் சரியவில்லை. தங்கத்தோடு கட்டப்பட்டிருந்த நாணயம் அது. தாத்தா படித்த நாவலில் வரும் ஐந்நூறு பவுண்டு பேரனுக்கும் ஐந்நூறு பவுண்டாகவே தெரிந்தது. போருக்குப் பிறகு விலைவாசி ஏறியதும் இந்த வசதி போய்விட்டது. இன்றைய நாவலாசிரியர் கதாநாயகனின் சம்பளத்தை எண்ணில் எழுதத் தயங்குவார், பத்து வருஷத்தில் அது சிரிப்பாகிவிடும்.

கினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. கினி என்பது இருபத்தொரு ஷில்லிங். நாணயமாக அதை அடிப்பது 1814-இல் நின்றுவிட்டது. ஆனால் மருத்துவர், வக்கீல், ஓவியர் ஆகியோரின் கட்டணத்தை 1971-இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறும்வரை கினியில் சொல்வது தொடர்ந்தது. கடைக்காரருக்குப் பவுண்டு, கனவானுக்குக் கினி. ஒரு நாவலில் டாக்டருக்கு எத்தனை கினி என்று வந்தால், அந்த டாக்டர் எந்த வர்க்கம் என்பதையும் ஆசிரியர் சேர்த்தே சொல்கிறார்.

அடுத்தது கோடுகள். 'லார்ட் பி——', '——ஷயர் படைப்பிரிவு', '18—ஆம் ஆண்டு' என்று வருவதை அச்சுக் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. தொடக்ககால ஆங்கில நாவல்கள் தங்களைக் கதை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டன. கிடைத்த கடிதக்கட்டு, யாரோ எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பு என்ற பாவனையில்தான் வெளிவந்தன. உண்மை மனிதர்களைப் பற்றியது என்றால் பெயரை மறைக்கத்தானே வேண்டும்? அந்த மறைப்பே நம்பகத்தன்மையைக் கொடுத்தது.

பத்திரிகைகளிலோ இந்தக் கோட்டுக்குப் பின்னால் நிஜமான பயம் இருந்தது. நாடாளுமன்றத்தில் நடக்கும் விவாதத்தை அச்சிடுவது உரிமை மீறல் என்று 1738-இல் மக்களவை தீர்மானம் போட்டது. 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்ற இதழ் என்ன செய்தது தெரியுமா? கலிவரின் பயணத்தில் வரும் லில்லிபுட் நாட்டு மன்றத்தில் நடந்த விவாதம் என்று தலைப்புப் போட்டு, பிரதமர் வால்போலின் பெயரை எழுத்து மாற்றி 'வாலெலோப்' என்று அச்சிட்டது. 1740-களின் தொடக்கத்தில் இந்த உரைகளை எழுதிக் கொடுத்தவர் பின்னால் அகராதி செய்து புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன். அவற்றில் பெரும்பகுதி அவருடைய சொந்தச் சரக்கு. கோட்டையும் கலைந்த எழுத்தையும் பார்த்ததும் ஆளைக் கண்டுபிடிக்க வாசகர்கள் பழகிவிட்டார்கள். பயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை, அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களிலும் கோடு தொடர்ந்தது.

'டி—டி' என்று எழுதி நடுவில் கோடு போட்டிருந்தால் அது வசை. கடவுளின் சாபத்தைக் கூப்பிடும் 'டாம்ட்' என்ற சொல் அது. நம் கெட்ட வார்த்தைகள் பெரும்பாலும் தாயையும் உடம்பையும் இழுப்பவை. அவர்களுடைய பழைய வசைகளில் பலவும் தெய்வத்தை இழுப்பவை, ஆகவே அது பாவம், குற்றமும்கூட. 1745-ஆம் ஆண்டின் வசைச் சட்டத்தில் அபராதப் பட்டியலே உண்டு: கூலியாள், சிப்பாய், கப்பல் தொழிலாளி திட்டினால் ஒரு ஷில்லிங், கனவான் தரத்துக்குக் கீழே உள்ள மற்றவர்கள் இரண்டு ஷில்லிங், கனவானும் அதற்கு மேற்பட்டவர்களும் ஐந்து ஷில்லிங். திட்டுவதிலும் அந்தஸ்துக்கு ஏற்ற கட்டணம். இந்தச் சட்டம் புத்தகத்திலிருந்து நீங்கியது 1967-இல்.

நாடக மேடைக்கு அதற்கும் முன்பே கட்டுப்பாடு வந்துவிட்டது. நாடகத்தில் கடவுள் பெயரைக் கேலியாக எடுத்தால் பத்து பவுண்டு அபராதம் என்று 1606-இல் ஒரு சட்டம். ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' 1622-இல் தனிப் புத்தகமாக வந்தபோது அதில் இருந்த 'ஸௌண்ட்ஸ்' போன்ற ஆணைகள் 1623-இன் பெருந்தொகுப்பில் காணாமல் போயிருக்கின்றன. 'ஸௌண்ட்ஸ்' என்பதன் மூலவடிவம் 'கடவுளின் காயங்கள்மேல் ஆணை'. கடவுளை நாக்குச் சுளுக்கில் ஒளித்துவைக்கும் வேலைதான் 'இகாட்', 'காட்ஸூக்ஸ்' எல்லாம். 'பை ஜோவ்' இன்னும் பத்திரமானது. ஜோவ் என்பது ரோமானியரின் ஜூபிடர். கும்பிட ஆள் இல்லாத தெய்வத்தின்மேல் சத்தியம் செய்தால் யார் வழக்குப் போடுவார்கள்? 'வாட் த டிக்கன்ஸ்' என்பதில் வரும் டிக்கன்ஸும் சாத்தானுக்கு வைத்த மறைபெயர்தான். ஷேக்ஸ்பியரிடமே அது இருக்கிறது, 1812-இல் பிறந்த நாவலாசிரியருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கால்சட்டையை 'சொல்ல முடியாதவை' என்று குறிப்பிடும் பழக்கமும் இதே வகைதான். இதைப் படித்துவிட்டு விக்டோரியா காலத்தவர்கள் எல்லோரும் கூச்ச சுபாவிகள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர்களிலேயே பலர் அதைக் கிண்டலாகத்தான் எழுதினார்கள்.

சரி, அந்த வண்டிக்குள் நடந்த சங்கதிக்கு வருவோம். ஆஸ்டினின் 'எம்மா'வில் எல்டன் என்ற பாதிரியார், கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து திரும்பும்போது, வண்டிக்குள் எம்மாவிடம் 'மேக்கிங் வயலண்ட் லவ்' செய்கிறார். அவர் செய்தது இவ்வளவுதான்: கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று அவசர அவசரமாகத் தன் காதலைக் கொட்டினார். 'மேக் லவ்' என்பது காதல் மொழி பேசுவது, மனத்தைக் கேட்பது. இருபதாம் நூற்றாண்டில்தான் அது படுக்கையறைக்குள் போனது. 1930-களின் ஆங்கிலப் படங்களில்கூடப் பழைய பொருளில் அந்தச் சொற்றொடரைக் கேட்கலாம். இதேபோல 'இன்டர்கோர்ஸ்' என்றால் அண்டை வீட்டாரோடு பழக்கம், 'இஜாகுலேட்டட்' என்றால் சட்டென்று கூவினார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொல்லும் ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இந்த வட்டாரத்துச் சொற்களில் வேடிக்கையைவிட முக்கியமானது வேறு ஒன்று: கல்யாணப் பேச்சில் அவர்கள் காட்டும் அளவுகடந்த ஜாக்கிரதை. ஒரு ஆண் ஒரு பெண்ணுக்குக் 'குறிப்பான கவனம்' காட்டுகிறான். பிறகு தன் 'அட்ரெசஸ்' செலுத்துகிறான், அதாவது மணக்கும் எண்ணத்தோடு அவளை நாடுகிறான். அவனுடைய 'இன்டென்ஷன்ஸ்' என்ன என்று அவளுடைய அப்பா கேட்கிறார். இருவருக்கும் ஒரு 'அண்டர்ஸ்டாண்டிங்' இருக்கிறது, ஆனால் அவன் இன்னும் 'டிக்ளேர்' செய்யவில்லை, வாய்விட்டுச் சொல்லவில்லை. படிப்பவருக்கு அலுப்பாக இருக்கும், இந்த ஆள் நேரடியாகக் கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்டால் வழக்கு வரும்! மணப்பதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். வாக்கு முறிவு வழக்கு என்று அதற்குத் தனிப் பெயர். சட்டம் இருபாலருக்கும் பொது, ஆனால் பெரும்பாலும் பெண்களே தொடுத்தார்கள், வென்றார்கள். கல்யாணம் ஒன்றே பிழைப்புக்கு வழியாக இருந்த பெண்ணுக்கு, நிச்சயம் முறிவது வேலை போவது போன்றது, பெயரும் கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு சொல்லும் சாட்சியம். ஆண் எந்தப் படிவரை வந்துவிட்டான் என்பதைக் காட்டத்தான் அத்தனை சொற்கள்.

இந்த வழக்கை டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். வீட்டுக்காரம்மாள் பார்டெல், குடியிருக்கும் பிக்விக் தன்னை மணப்பதாகச் சொன்னார் என்று வழக்குப் போடுகிறாள். ஆதாரம், பிக்விக் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: சாப்பாட்டுக்கு இறைச்சித் துண்டும் தக்காளிச் சாறும் வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. தக்காளிச் சாறு என்பது காதலின் ரகசியக் குறி என்கிற ரீதியில் வக்கீல் வாதாடுகிறார். ஜூரிகள் எழுநூற்றைம்பது பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் இந்த வழக்குமுறை 1971-இல் முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு எழுதப்பட்ட நாவலில் யாரும் யாருடைய 'இன்டென்ஷன்ஸ்' பற்றியும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் அது நகைச்சுவை.

தபாலைத் தெரிந்துகொள்ளாமல் பழைய நாவல்களின் பாதிப் பக்கங்கள் விளங்காது. 1840-க்கு முன்னால் இங்கிலாந்தில் கடிதத்துக்குப் பொதுவாகக் கூலி கொடுத்தவர் அதைப் பெற்றுக்கொண்டவர். தூரத்தைப் பார்த்தும் தாளின் எண்ணிக்கையைப் பார்த்தும் கட்டணம். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே தாளுக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆகும். இரண்டாவது தாள் வைத்தால் இரட்டிப்பு. உறையும் ஒரு தாள் கணக்குதான். அதனால் உறையில்லாமல் தாளையே மடித்து அரக்கு ஒட்டினார்கள். எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி, எழுதிய வரிகளின்மேலேயே மறுபடி எழுதினார்கள். 'க்ராஸ்ட்' கடிதம் என்று வருவது இதுதான். ஒரு கதாபாத்திரம் தன் தோழியின் கையெழுத்தைப் பற்றி அலுத்துக்கொண்டால், தோழியின் கைமேல் குற்றமில்லை.

'மாமாவிடம் ஃப்ராங்க் வாங்கித் தருகிறேன்' என்று வந்தால், அந்த மாமா நாடாளுமன்ற உறுப்பினர் என்று பொருள். அவர் தன் கையால் முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் கூலி இல்லை. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில், ஊரைவிட்டு வந்து அழுதுகொண்டிருக்கும் சிறுமி ஃபேனியிடம், உன் மாமா ஃப்ராங்க் செய்துவிடுவார், உன் அண்ணன் வில்லியமுக்கு ஒரு செலவும் இருக்காது என்று எட்மண்ட் சொல்கிறான். எழுதுகிறவள் ஃபேனி, செலவு எப்படி வில்லியமுக்கு என்று குழம்புகிறவர்களுக்கு இப்போது விளங்கும். ஏழை அண்ணனுக்குக் கடிதம் எழுதுவதே அவனுக்குச் செலவு வைப்பதாக இருந்தது. 1840 ஜனவரி 10 முதல் நாடு முழுக்க ஒரே கட்டணம், அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி. மே மாதம் தபால்தலை வந்தது. ஃப்ராங்க் சலுகையும் அந்த ஆண்டோடு போயிற்று.

கடிதத்தின் முடிவில் வரும் 'தங்கள் மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்பதை யாரும் சொல்லுக்குச் சொல் நம்பவில்லை. அமெரிக்காவில் ஆரன் பரும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் 1804-இல் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இந்தக் கீழ்ப்படிதல் இருந்தது. ஜூலை 11 அன்று துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டன் சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். சுட்ட பர் அப்போது அமெரிக்காவின் துணை அதிபர் என்பது தனிக் கதை. இந்த வாசகத்தின் பேரப்பிள்ளை இன்னும் நம் பள்ளிக்கூடங்களில் உயிரோடு இருக்கிறது: 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.' கம்பெனி காலத்து அலுவலகக் கடிதத்திலிருந்து விடுப்பு விண்ணப்பத்துக்கு வந்து சேர்ந்தது அது. இங்கிலாந்துப் பிள்ளைகள் அப்படி எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். 'இன்ஸ்டன்ட்', 'அல்டிமோ', 'ப்ராக்ஸிமோ' என்று தேதிக்குப் பின்னால் வருபவையும் இதே இனம்: இந்த மாதம், போன மாதம், வரும் மாதம்.

'வாசகருக்கு நினைவிருக்கும்' என்று நடுநடுவே ஆசிரியர் வந்து பேசுவதைச் சிலர் அனுபவமில்லாத எழுத்தின் அடையாளம் என்கிறார்கள். அது அவசியத்தால் வந்தது. 'பிக்விக்' 1836-லும் 1837-லும் மாதம் ஒரு பகுதியாக, ஒரு ஷில்லிங் விலையில் வந்தது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும் வாசகருக்குப் போன கதையை ஞாபகப்படுத்தாமல் முடியுமா? நம்மிடம் கல்கி வாரத் தொடராக எழுதியபோது 'நேயர்களை' அடிக்கடி கூப்பிட்டு, முன் அத்தியாயத்தில் விட்டுவந்த ஆளை நினைவூட்டியதற்கும் இதுவே காரணம். புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போதுதான் அது மிகையாகத் தெரிகிறது.

நீட்டி முழக்கும் வர்ணனைக்கும் ஒரு வியாபாரக் காரணம் உண்டு. அன்றைய நாவல் மூன்று தொகுதிகளாக வரும், விலை ஒன்றரை கினி. நடுத்தர வீட்டார் வாங்கக்கூடிய விலையில்லை, வாடகை நூலகத்தில்தான் எடுத்தார்கள். 1842-இல் தொடங்கிய மியூடி நூலகம் ஆண்டுக்கு ஒரு கினி சந்தாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு தொகுதி கொடுத்தது. ஒரே நாவலின் மூன்று தொகுதிகளை மூன்று வீடுகள் ஒரே சமயத்தில் படிக்கும் என்பதால் நூலகத்துக்கு லாபம். ஆகவே கதை சிறியதாக இருந்தாலும் மூன்று தொகுதியை நிரப்பியாக வேண்டும். சில நாவல்களின் இரண்டாம் தொகுதி இழுப்பதற்குப் பின்னால் இந்த நூலகங்களின் கை இருக்கிறது. 1894-இல் பெரிய நூலகங்கள் மூன்று தொகுதி முறையை ஆதரிக்க மறுத்ததும் சில ஆண்டுகளில் அது மறைந்தது, நாவல்களும் இளைத்தன.

சில்லறையாகச் சில. 'மார்னிங் கால்' மதியத்துக்கு மேல் நடக்கும். பகல் சாப்பாடு என்ற 'டின்னர்' மாலைக்குத் தள்ளிப்போய், அதுவரை உள்ள நேரமெல்லாம் 'மார்னிங்' ஆகிவிட்டது. வாசலில் 'அம்மா வீட்டில் இல்லை' என்று வேலைக்காரர் சொன்னால், பார்க்க விருப்பமில்லை என்று அர்த்தம். அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 'டிக்ளைன்' வந்து ஒரு பெண் இளைத்தால் பெரும்பாலும் காசநோய். 'ஏக்யூ' என்று நடுங்கினால் பெரும்பாலும் மலேரியா; இங்கிலாந்தின் கென்ட், எசெக்ஸ் சதுப்புகளில் அன்று அது சாதாரணம். 'கன்ஃபைன்மெண்ட்' பிரசவம். கதாநாயகிக்கு வசதியான அத்தியாயத்தில் வரும் 'ப்ரெய்ன் ஃபீவர்' மட்டும் எந்த வியாதி என்று ஒன்றைச் சுட்ட முடியாது. மனம் உடைந்தவர்கள் எல்லோருக்கும் அது வந்தது.

உறவுமுறைச் சொற்களில் நாம் ஏமாறுவது அதிகம். 'பிக்விக்'கில் சாம் வெல்லர் 'மதர்-இன்-லா' என்பது மாமியாரை இல்லை, அப்பா பின்னால் கட்டிக்கொண்ட சித்தியை. 'சிஸ்டர்' என்றால் உடன்பிறந்தவளாகவும் இருக்கலாம், மனைவியின் தங்கையாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது பொருளில் சட்டமும் சேர்ந்துகொண்டது. கணவனும் மனைவியும் ஓருடல் என்பது திருச்சபைக் கொள்கை. ஆகவே மனைவியின் தங்கை இவனுக்கும் தங்கை. மனைவி இறந்த பிறகு மச்சினியைக் கட்டிக்கொண்டால் அந்தத் திருமணம் செல்லாது என்று 1835-இல் சட்டம் வந்தது. நம் பக்கம் குழந்தைகளை நினைத்துப் பெரியவர்களே முன்னின்று செய்துவைத்த காரியம் அங்கே செல்லாத கல்யாணம்! தடையை நீக்கும் மசோதா ஆண்டுக்காண்டு வந்து தோற்றது. 1882-இல் வந்த 'அயோலாந்தி' என்ற இசை நாடகம் அதை ஆண்டுதோறும் கிளம்பும் கொப்புளம் என்று கேலி செய்தது. ஒருவழியாக 1907-இல் நீங்கியது. மனைவியை இழந்தவனும் மச்சினியும் ஒரே வீட்டில் இருக்கும் விக்டோரியா கால நாவல் கிடைத்தால், அவர்கள் ஏன் அப்படி முகம் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பதை இதைவைத்துப் படிக்கலாம்.

கடைசியாக, சென்னையின் வாடை அடிக்கும் சொற்கள். 'நபாப்' என்று வந்தால் கம்பெனி வேலையில் இந்தியா போய்ப் பணத்தோடும் கல்லீரல் கோளாறோடும் திரும்பியவர். 'ரைட்டர்' கதாசிரியர் இல்லை, கம்பெனியின் கடைநிலை எழுத்தர். 'மல்லிகடானி' நம் மிளகுத்தண்ணீர். மதராஸ் மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கே அதிலிருந்து 'மல்ஸ்' என்று பட்டப்பெயர் வந்தது. 'கட்டமரான்' என்ற சொல் நம் கட்டுமரம்தான், ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேச்சில் அது சண்டைக்காரக் கிழவியைக் குறிக்கும் வசையும்கூட. மரக்கட்டையைக் கயிற்றால் கட்டி அலையில் போகிற மீனவருக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாரோ.

'பகோடா மரத்தை உலுக்குவது' என்ற சொற்றொடரைக் கோயிலோடோ பஜ்ஜி பகோடாவோடோ சேர்த்துக் குழம்ப வேண்டாம். பகோடா என்பது மதராஸில் புழங்கிய வராகன் என்ற தங்கக் காசுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். ஒரு வராகனுக்கு நாற்பத்திரண்டு பணம், ரூபாயில் மூன்றரை. இந்தியாவுக்குப் போனால் மரத்தை உலுக்கிப் பொறுக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சு அங்கிருந்து பிறந்தது. 1818-இல் மதராஸ் மாகாணத்தில் ரூபாய் அதிகாரபூர்வக் காசானது. வராகன் போன பிறகும் மரம் ஆங்கில எழுத்தில் நெடுநாள் நின்றது.

இந்த வகைச் சொற்களுக்கெல்லாம் இடம் கொடுத்த அகராதி 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்'. அதைச் செய்த இருவரில் ஒருவர் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்து, தஞ்சாவூரில் நீதிபதியாக வேலை பார்த்த பர்னெல். சரஸ்வதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவரும் அவர்தான். புத்தகம் வெளிவரும் முன்பே, 1882-இல் இறந்துவிட்டார். பகோடா மரத்துக்கான பதிவில், இது இந்தியாவில் இருந்தவர்களைவிட இங்கிலாந்தில் இருந்தவர்களே அதிகம் சொன்ன சொற்றொடர் என்று ஒரு குறிப்பு இருக்கிறது.